பூச்செடிக்கு முதலில் வெளிச்சம், பிறகுதான் தண்ணீர்



மழை ஓய்ந்து பனி தொடங்கியதும் நம் தெருக்களில் செடி வண்டி வந்துவிடுகிறது. பூவும் மொட்டுமாக நிற்கும் ரோஜாவைப் பார்த்து ஒவ்வொரு வீட்டிலும் ஒன்றிரண்டு வாங்குகிறோம். இரண்டு மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் தொட்டியில் ஒரு காய்ந்த குச்சி நிற்கும். "எங்க கைக்குச் செடி வராதுங்க" என்று உம்மாமார்கள் சொல்வார்கள். கைராசி என்று ஒன்று செடிக்குத் தெரியாது. வீட்டு வேலைகளுக்காகப் போகும் இடங்களில் நாங்கள் பார்த்தவரை, செத்த செடிகளில் பெரும்பாலானவை கவனிப்பு இல்லாமல் சாகவில்லை. வைத்த இடம் தவறாக இருந்தது. வாடியதைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியதில் வேர் அழுகியது. இந்த இரண்டையும் சரியாகப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் இந்த மாதப் பாடத்தை வெளிச்சத்திலிருந்து தொடங்குகிறோம்.

வெளிச்சம்

இலை உணவு தயாரிப்பது வெளிச்சத்தைக் கொண்டுதான். நாம் போடும் உரம் உணவு அல்ல, உப்பும் புளியும் போலத் துணைப்பொருள். வெளிச்சம் குறைந்தால் செடி முதலில் நிறுத்திக்கொள்வது பூவைத்தான். இலையை வைத்துக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும். "செடி பச்சையாத்தான் இருக்கு, பூக்கவே மாட்டேங்குது" என்று சொல்பவர்கள் உரக்கடைக்குப் போவதற்கு முன் தொட்டி இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும்.

இதில் நம் கண் நம்மை ஏமாற்றும். நடுப்பகல் வெயிலில் வெளிச்சத்தின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். நல்ல வெளிச்சமான கூடம் என்று நாம் நினைக்கும் இடத்தில் 300 முதல் 500 லக்ஸ்தான் இருக்கும். கண்ணின் பாவை விரிந்து சுருங்கி இரண்டையும் ஏறத்தாழ ஒன்றுபோலக் காட்டிவிடுகிறது. செடிக்கு அந்த வசதி இல்லை.

கருவி எதுவும் வேண்டாம். லுஹர் நேரத்தை ஒட்டி, செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஒரு முழம் மேலே கையைப் பிடித்துப் பாருங்கள். விரல் விரலாக நிழல் விழுந்தால் மல்லிகை, ரோஜா, செம்பருத்தி, காகிதப்பூ எல்லாம் அங்கே வரும். கை போன்ற ஒரு மங்கல் மட்டும் தெரிந்தால் நிழல் தாங்கும் செடிகளுக்கு மட்டுமே அந்த இடம். நிழலே விழாத மூலையில் பிளாஸ்டிக் பூவை வைத்துக்கொள்வதே மேல்.

திசையையும் பார்க்க வேண்டும். நம் பகுதியில் சித்திரையிலிருந்து ஆடி வரை நடுப்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே சாய்ந்துவிடுகிறது. கோடையில் வெயில் விழுகிறதே என்று வடக்குப் பார்த்த பால்கனியில் மல்லிகையை வைத்தால், மார்கழியில் அங்கே ஒரு கீற்று வெயில்கூட வராது. தெற்குப் பக்கம் வெயில் படும் மாடமோ முற்றமோ இருந்தால் மார்கழியிலும் செடிக்குக் குறை இருக்காது.

தண்ணீர்

வேர் மூச்சு விடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. மண் துகள்களுக்கு இடையே உள்ள காற்றை வேர் பயன்படுத்துகிறது. அந்த இடம் முழுக்கத் தண்ணீர் நிறைந்து நாள்கணக்கில் நின்றால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை தொங்கும். தண்ணீர் இல்லாத செடியும் தண்ணீர் மிஞ்சிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே வாடும். இங்கேதான் நம் பாசம் எமனாகிறது. வாடுகிறதே என்று இன்னொரு செம்பு ஊற்றுகிறோம்.

ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் பட்டால் அன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியாக வடியும்வரை ஊற்றுங்கள். தினமும் அரைச் செம்பு தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைக்கும். வேரும் மேலேயே படர்ந்து நின்றுவிடும், சித்திரை வெயிலில் அந்த வேர்தான் முதலில் கருகும். சுபுஹுக்குப் பின் வெயில் ஏறுவதற்கு முன் ஊற்றுவது நல்லது. மண்தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும் என்பதால் கத்திரி வெயிலில் அஸருக்குப் பிறகும் ஒருமுறை விரலை விட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் தொட்டியில் ஈரம் அதிக நாள் நிற்கும், ஆகவே பக்கத்து வீட்டுக் கணக்கு நம் வீட்டுக்குப் பொருந்தாது. துளை இல்லாத தொட்டி, பெயிண்ட் வாளி, எண்ணெய் டின் எதுவானாலும் துளை போட்ட பிறகே மண் நிரப்புங்கள்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு சிக்கல், போர் தண்ணீரின் உப்பு. இலை நுனி கருகி, தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளை பூத்தால் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்த வானத்தில் வைத்தாலே பாதி உப்பு கழுவிப் போகும். ஏசி எந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, தாராளமாக ஊற்றலாம். ஆனால் ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு முன்பைவிட அதிகம். "வீணாகுதே" என்று அதைப் பூந்தொட்டிக்குத் திருப்பியிருக்கும் வீடுகள் உண்டு; தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். நல்ல தண்ணீரில் ஒளு எடுக்கும் வீடுகளில், சோப்பு கலக்காத அந்தத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்துச் செடிக்கு விடுவது சிறந்த ஏற்பாடு. அரிசி கழுவிய தண்ணீரும் ஆகும். துணி துவைத்த தண்ணீர் ஆகாது.

உப்புத் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் செடியை மாற்றுங்கள். காகிதப்பூவும் நித்தியகல்யாணியும் உப்பையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். காகிதப்பூவுக்கு ஒரு விசித்திரக் குணம்: தாராளமாகத் தண்ணீர் கொடுத்தால் இலையாகத் தழைக்கும், சற்றுக் காயவிட்டால் பூத்துக் குலுங்கும்.

வாங்கி வந்த செடியும் மண்ணும்

வண்டியில் வரும் ரோஜா ஏன் சாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். அது பச்சை வலையின் நிழலில், சிறிய பையில், ஒட்டும் களிமண் உருண்டையில் வளர்ந்தது. வாங்கி வந்த அன்றே வெயில் மாடியில் வைத்தால் தாங்காது. ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் இருக்கட்டும். பூக்களையும் மொட்டுகளையும் நறுக்கிவிடுங்கள். மனம் வராதுதான், ஆனால் மொட்டுக்குப் போகும் சத்து அப்போதுதான் வேருக்குப் போகும். தொட்டிக்கு மாற்றும்போது களிமண் உருண்டையின் ஓரங்களை விரலால் மெல்ல உதிர்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள இளகிய மண் வழியாக வடிந்து, நடுவில் வேர் காய்ந்தே கிடக்கும். ஒட்டு ரோஜாவில் ஒட்டுக் கணுவுக்குக் கீழே கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ளாவிட்டால் அடிச்செடி ஓங்கி, நாம் வாங்கிய ரகம் மறைந்துவிடும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு, குச்சியிலேயே வளரும் நாட்டுப் பன்னீர் ரோஜா நல்லது.

தொட்டி மண்ணுக்குச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய எருவோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஆற்றுமணலோ தென்னை நார்க்கழிவோ ஒரு பங்கு. கடற்கரை மணலை எடுத்துவர வேண்டாம். நார்க்கழிவை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும், அதிலும் உப்பு உண்டு.

மல்லிகை

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் குண்டுமல்லியை வையுங்கள் என்போம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்குத் தெரியும். அந்தத் தோட்டங்களுக்குக் கன்று எங்கிருந்து போகிறது தெரியுமா? இராமேசுவரத்துக்குப் பக்கத்தில் உள்ள தங்கச்சிமடம் பகுதியின் மணல் பூமி மல்லிகைப் பதியன்களுக்குப் பேர்போனது. கடலோர மணல் மல்லிகைக்கு ஆகாது என்ற எண்ணத்தை இதைக் கேட்ட பிறகாவது விட்டுவிடலாம்.

தினமும் ஆறு மணி நேர நேர்வெயில், 12 முதல் 14 அங்குலத் தொட்டி, தண்ணீர் தேங்காத மண், இவ்வளவும் இருந்தால் மல்லிகை பிழைத்துக்கொள்ளும். ஆனால் பூக்க வேண்டுமானால் கத்தரிக்கோல் வேண்டும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கிறது. பழைய கிளைகளை அப்படியே விட்டால் கொடியாக நீண்டுகொண்டே போகும். நவம்பர் கடைசி வாரத்தில், மழையின் வேகம் தணிந்ததும், தண்ணீரைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, தோட்டத்துச் செடியானால் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே எல்லாவற்றையும் வெட்டுங்கள். தொட்டிச் செடியில் இன்னும் சற்றுக் குறைவாகவே விட்டுவைக்கலாம். காய்ந்த குச்சி, உட்பக்கம் பின்னிய கிளை, மிஞ்சிய இலை எல்லாம் போகட்டும். பார்க்க மொட்டையாக இருக்கும். நன்னிமார்கள் சண்டைக்கு வரலாம். பிறகு மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டுத் தண்ணீர் விட்டால் தையில் தளிர்விட்டு, பங்குனி வாக்கில் மொட்டெடுக்கும். கோடை முழுவதும் பூக்கும். ஒவ்வொரு சுற்றுப் பூ முடிந்ததும் அந்த நுனியை இரண்டு கணு அளவு கிள்ளிவிட்டால் அடுத்த தளிர் கிளம்பும்.

கடலைப் புண்ணாக்கை இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளைக்கு ஒருமுறை விடலாம். அதற்கு மேல் வேண்டாம், இலை மட்டும் மிஞ்சும். மொட்டு ஊதா நிறமாகி ஓட்டை தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது, பறித்து நசுக்கிவிடுங்கள். முற்றிய மொட்டை வெயில் ஏறுமுன் பறித்து வைத்தால் மஃரிபுக்குப் பின் வீடு மணக்கும்.

கொல்லையில் இடம் இருப்பவர்கள் மருதாணியையும் மறக்க வேண்டாம். பெருநாளுக்கு முந்தின நாள் தெருப் பிள்ளைகள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போவதால் நம்மில் பலர் அதன் பூவைப் பார்த்ததே இல்லை. கிளை நுனியில் கொத்துக்கொத்தாகப் பூக்கும், இரவில் அந்த மணத்துக்கு ஈடில்லை. ஒரு பக்கத்துக் கிளைகளைப் பறிக்காமல் விட்டுவையுங்கள்.

செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு போல் ஒட்டுவது மாவுப்பூச்சி. எறும்பு அதன் இனிப்புக் கழிவுக்காக அதைப் பாதுகாக்கிறது, ஆகவே எறும்பையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். மிஞ்சியதற்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும்.

வீட்டுக்குள்ளே

நிழல் மங்கலாக விழும் கூடத்துக்கு இரண்டு பூச்செடிகளைச் சொல்லலாம்: அமைதி லில்லி, ஆந்தூரியம். சன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள், நேர்வெயில் இலையில் படாமல் இருக்க வேண்டும். வெள்ளைப் பூ என்று நாம் நினைக்கும் அமைதி லில்லியின் மடல் உண்மையில் உருமாறிய ஓர் இலை. பூக்கள் நடுவில் உள்ள தண்டில் பொடிப்பொடியாக இருக்கின்றன. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள், தூசி படிந்த இலை வெளிச்சத்தை இழக்கும். பூக்காவிட்டால் சன்னலுக்கு ஓர் அடி நெருக்கி வைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். 1989-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா, மூடிய சிறிய கூண்டுகளில் செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. 2019-இல் அத்தகைய ஆய்வுகளை மொத்தமாகத் திரும்பக் கணக்கிட்டபோது, சன்னல் வழியாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று தெரிந்தது. சன்னலைத் திறந்து வையுங்கள், செலவில்லை. இரவில் செடி நச்சுக்காற்று விடும், படுக்கையறையில் வைக்கக் கூடாது என்ற பயமும் அதே போலத்தான். பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடும் கரியமில வாயுவோடு ஒப்பிட்டால் ஒரு தொட்டி விடுவது மிகச் சொற்பம்.

ஆனால் வேறொரு எச்சரிக்கை உண்டு. இந்த இரண்டு செடிகளின் இலையிலும் ஊசி போன்ற நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. தவழும் பிள்ளை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். எட்டாத உயரத்தில் வையுங்கள். கடித்துவிட்டால் வாயைத் துடைத்துக் குளிர்ந்த தண்ணீர் கொடுங்கள், வீக்கமோ விழுங்கச் சிரமமோ இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

பிள்ளைகளும் ஆடுகளும்

அரளி அழகாகப் பூக்கும், ஆடு மேயாது, தண்ணீர் கேட்காது என்று வேலி ஓரம் வைக்கிறார்கள். அதன் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம், இதயத் துடிப்பையே பாதிக்கும். மஞ்சள் அரளியின் காய்க்குள் இருக்கும் விதை அதைவிடக் கொடியது. உருண்டையான காயைப் பிள்ளைகள் விளையாட எடுப்பார்கள். நம் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கும் உயிர்க்கொல்லி. நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் கேட்டு வீட்டில் இலையைக் காய்ச்சிக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது மருந்து ஆலையின் வேலை, அடுப்படியின் வேலை அல்ல.

சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அரளி வேண்டாம் என்பது எங்கள் திடமான கருத்து. ஏற்கெனவே இருந்தால் வெட்டிய கிளைகளை வாசலில் போடாதீர்கள். குறிப்பாக ஹஜ் பெருநாளுக்கு முன் குர்பானி ஆடுகள் கட்டியிருக்கும் நாட்களில், வாடிய அரளித் தழை தீவனத்தோடு கலந்துவிட்டால் ஆடு பிழைக்காது. காய்ந்தாலும் விஷம் போகாது. பிள்ளை தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே, வாந்தி வருகிறதா என்று காத்திராமல், 108-ஐ அழைத்து, தின்ற இலையையோ விதையையோ கையில் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தட்டில் நிற்கும் தண்ணீர்

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. பூந்தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் நிற்கும் தெளிந்த தண்ணீர் அதற்குப் போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை, தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்தும் பிழைத்திருக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை குளிப்பதற்கு முன் இந்த வேலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பாட்டிலில் மணிபிளான்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதுவே கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் தட்டுகளையே எடுத்துவிட்டுத் தொட்டிகளைச் செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள்.

மாடியில் வைப்பவர்கள் எடையையும் பாருங்கள். 14 அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு 30 கிலோவைத் தொடும். நடு மாடியில் வேண்டாம், சுவருக்கு மேல் வரும் ஓரங்களில் வரிசையாக வையுங்கள். மரக்கட்டைக்கு மேல் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடித் தொட்டியே வேண்டாம், ஈரம் இறங்கினால் கட்டை உளுத்துவிடும். நம் தொட்டித் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணியில் சொட்டினால், எத்தனை முழம் பூ கட்டிக் கொடுத்தாலும் அந்த மனக்கசப்பு தீராது.

நவம்பரில் மல்லிகையை வெட்டும்போது எல்லாக் கிளைகளையும் வெட்டிவிடாதீர்கள். தரையை ஒட்டி வளையக்கூடிய ஒரு கிளையை விட்டுவைத்து, அதன் நடுவில் ஒரு கணுவுக்குக் கீழே தோலை ஓர் அங்குலம் சீவி, பக்கத்தில் வைத்த சிறு தொட்டியின் மண்ணுக்குள் அழுத்தி மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிற்கட்டும், மண் காயாமல் இருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடித்துவிடும். தாய்ச்செடியோடு உள்ள தொடர்பைக் கத்தரித்து, பத்து நாள் நிழலில் வைத்து, செடி வண்டியில் வாங்க வசதியில்லாத பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.